வானொலி நிலையத்துப் பல்லிக்காரர்

என் அக்கா ஒரு குரலைக் கல்யாணம் செய்துகொண்டாள். குரலோடு ஒரு ஆளும் சேர்ந்து வருவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் முதலில் உறைக்கவில்லை.

அப்போது அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மைக், ஒரு மேசை விசிறி. எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்பதை அவர் சொல்லுகிற அழகில், போக இடமில்லாதவனுக்குக்கூட ஏறி உட்கார்ந்து எங்காவது போகலாம் என்று தோன்றும். அக்காவுக்கு மட்டும் அது நேர்மாறாக வேலை செய்தது. தன் வண்டி புறப்படப் போகிறது என்று அவர் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்று, அந்த வண்டியைத் தவறவிட்டாள். மறுநாளும் தவறவிட்டாள். வேலைக்குத் தினமும் ஏன் தாமதம் என்று கேட்ட மருந்துக் கடை முதலாளிக்கு அவள் என்ன சாக்குச் சொன்னாளோ தெரியாது, அப்பாவிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

"பஸ்ஸு எப்ப கெளம்பும்னு சொல்றவனையா கட்டிக்கப் போறே? அவன் பஸ் ஓட்டலியே, வாயாலதானே சொல்றான்!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?" என்றாள் அக்கா.

தன் பழமொழி தன் தலையிலேயே வந்து விழுந்ததும் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார். கல்யாணம் நடந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே என்று நான் நினைத்தேன். நினைத்ததை அவளிடமே சொன்னேன், ஓர் அடியும் வாங்கினேன். ஓணான் இல்லை, அதைவிடச் சின்னப் பிராணி ஒன்று அவர் வாழ்க்கையில் வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவின் பெண் நடக்கப் பழகிய சமயத்தில் பேருந்து நிலையத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டிக்குள்ளே ஒரு பெண் குரல். அந்தக் குரலுக்கு இருமல் கிடையாது, சாப்பாட்டு வேளை கிடையாது, மாமனார் வீட்டு விசேஷம் என்று லீவும் கேட்காது. அத்தான் கண்ணாடி அறையிலிருந்து இறங்கினார். நன்றி சொல்லி, அந்த மேசை விசிறியை அவரிடமே கொடுத்தனுப்பினார்கள். விசிறியும் அக்காவும் பெண்ணுமாக அவர் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அக்காவிடம் பேசினால் 'உன் புருஷன்', என்னிடம் 'உங்க அத்தான்', பேத்தியிடம் 'உங்கப்பன்'. நேருக்கு நேர் பேச வேண்டி வந்தால் எந்த முறையும் சொல்லாமல், மொட்டையாகப் பேச்சைத் தொடங்குவார். "தண்ணி வந்துடுச்சா?" என்பார். யாரைக் கேட்கிறார் என்று நாங்கள் மூன்று பேர் திரும்பிப் பார்க்க, அத்தான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமா, ரேடியோவுல ஒருநாள் என் குரல் வரும். இந்த வீட்லயே உக்காந்து நீங்க கேப்பீங்க."

"வரட்டும். கேக்கறதுக்குத்தானே காது வச்சிருக்கு" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அத்தானுக்கு அது சபதமாகிவிட்டது. அவருக்குச் சொத்து ஆசை கிடையாது, பதவி ஆசை கிடையாது. அலமாரி மேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் அந்தப் பழைய ரேடியோவுக்குள்ளிருந்து ஒரு வாக்கியம் தன் குரலில் வர வேண்டும், அதை இந்த மனிதர் கேட்க வேண்டும். இது ஒன்றுதான்.

வானொலி நிலையம் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. அதன் மதில் சுவருக்குப் பின்னால் வெறும் பாறையும் முள்ளும்தான். அந்தப் பாறைகளில் ஒரு ஜாதிப் பல்லி உண்டு. வீட்டுப் பல்லியில் பாதிகூட இருக்காது, சாம்பல் நிறம், முதுகில் புள்ளி. உடம்புதான் சின்னது, தொண்டை பெரியது. நாடகம் பதிவு செய்கிற அறையின் சுவர் முழுக்க ஓட்டை போட்ட பலகை அடித்து, உள்ளே பஞ்சு வைத்திருந்தார்கள், எதிரொலி வராமல் இருப்பதற்காக. பாறையில் வெயிலிலும் பனியிலும் கிடந்த பல்லிகள் இதைவிடச் சொகுசான வீடு உலகத்தில் இல்லை என்று கண்டுபிடித்துக் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. பதிவு நடக்கும்போது ஏசி இரைகிறது என்று அதை அணைப்பார்கள். அறை சூடேறும். சூடேறினால் பல்லிகளுக்குக் குஷி பிறக்கும். நடிகர்கள் உணர்ச்சியோடு பேசி ஒரு நொடி நிறுத்துகிற இடம் பார்த்து, சரியாக அங்கே குரல் கொடுக்கும்.

அத்தான் குரல் தேர்வுக்குப் போன அன்றும் அதுதான் நடந்தது. கையில் ஒரு தாளைக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தான் மூச்சை இழுத்து முதல் வரியைப் படித்து நிறுத்தினார். ச்சிக் ச்சிக் ச்சிக் என்றது சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கையை ஆட்டி, மறுபடியும் என்றார். மறுபடியும் படித்தார். மறுபடியும் பல்லி. நாடகங்களை இயக்குகிறவர், முன்கோபத்துக்குப் பேர்போனவர், உள்ளே வந்து பென்சிலைச் சுவரில் வீசினார். பென்சில்தான் உடைந்தது.

தேர்வு கெட்டுப்போகிறதே என்கிற பயத்தில் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறினார். யாரோ குடித்துவிட்டு வைத்திருந்த காகிதக் கோப்பையைப் பல்லி மேல் கவிழ்த்தார். தேர்வுத் தாளையே கோப்பைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி மூடினார். அப்படியே அலுங்காமல் வெளியே கொண்டுபோய்ப் பாறையில் விட்டுவிட்டு, மீதியைப் படிக்க ஓடோடி வந்தார். தாளைப் படிக்கிற நிலையில் பல்லி விட்டு வைத்திருக்கவில்லை.

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வால் அறுந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"நாங்க பிடிச்சா ஒவ்வொரு தடவையும் வால் அறுந்துடுதுய்யா. அது தனியா கெடந்து துடிக்குது. அந்தத் துடிக்கிற சத்தமும் மைக்ல விழுது. நாளையிலேருந்து வேலைக்கு வந்துடறியா?"

"சார், குரல் தேர்வு?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' வளர்ந்துகொண்டே போயிற்று. அக்காவின் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்தாள், அவளுக்குப் பல் விழுந்து முளைத்தது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்புறம் வரவில்லை.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. காகிதக் கோப்பை உயரத்துக்கு எட்டாது என்று அவர் ஒரு குச்சி செய்துகொண்டார். ஒட்டடைக் குச்சியின் நுனியில், கிதாரில் அறுந்துபோன நைலான் தந்தியைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருப்பார். சுருக்கு கண்ணுக்கே தெரியாது. பல்லியின் மூக்குக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஏதோ பூச்சி என்று அது தானாகத் தலையை நீட்டும். பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பல்லிக்கு வேறு வழி. சுவரோரமாய் நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, பல்லி மாதிரியே கூப்பிடுவார். நம் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று உள்ளே இருப்பது பதில் கொடுக்கும். பதில் வந்த ஓட்டைக்கு நேராகச் சுருக்கு போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தவளையோடு நிற்கிற விஷயம் இல்லை.

பிடித்த பல்லியை, மூடியில் ஓட்டை போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பாறைப் பக்கம் கொண்டுபோய் விடுவார். அது அவருக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிடும் என்று நான் கேலி செய்வேன். "வரட்டுமே, அதுக்கும் உள்ள வர ஆசை இருக்காதா?" என்பார். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

நிலையத்தில் அவருக்குப் 'பல்லிக்காரர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிற நடிகர்கள் அதுதான் பெயர் என்று நினைத்து மரியாதையாகப் 'பல்லிக்காரர் சார்' என்று கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது அவர் இயக்குநர் முன்னால் போய் நிற்பார்.

"சார், ஒரு சின்ன வேஷம். ஒரே ஒரு வரி போதும்."

"குடுக்கலாம்யா. ஆனா நீ மைக் முன்னாடி நின்னா பல்லியை யாருய்யா பிடிப்பா?"

சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில்தான் குரல் வேண்டும். அதே நேரத்தில்தான் பல்லியும் கத்தும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. தன் வேலையில் கெட்டிக்காரராக இருந்ததே அவருக்கு வினையாய்ப் போயிற்று. வால் ஒன்றிரண்டை அறுத்திருந்தால்கூட மைக் பக்கம் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவரிடம் சொன்னால், "பாவம், அது வாலை வளக்க எவ்வளவு நாளாகும் தெரியுமா?" என்று பல்லிக்குப் பரிந்து பேசுவார்.

அக்கா இதையெல்லாம் வெளியே விட்டுக்கொடுக்க மாட்டாள். "அவர் ரேடியோவுல இருக்காரு" என்பாள். எந்த நாடகத்தில் வருகிறார் என்று மாடி வீட்டு அம்மா கேட்டால், "அவர் இல்லாம அங்க ஒரு நாடகமும் நடக்காது" என்பாள். இரண்டும் பொய் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலை என்ன என்று டீச்சர் கேட்க, பெண் எழுந்து, "ரேடியோ ஸ்டேஷன்ல பல்லி பிடிக்கிறார்" என்று சொல்லிவிட்டு, வகுப்பு சிரித்த சிரிப்பில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அக்கா அவள் கண்ணைத் துடைத்து, "அமைதிப் பிரிவுல இருக்கார்னு சொல்லணும்டி" என்று சொல்லிக் கொடுத்தாள். அதன்பிறகு டீச்சர் அவளை ராணுவத்தார் வீட்டுப் பிள்ளையாக நினைத்து மரியாதையாக நடத்தினார்.

அப்பாவிடம் இந்தப் பாச்சா எதுவும் பலிக்காது. மாலையில் ரேடியோ நாடகம் போட்டால், முடிகிறவரைக்கும் மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, கடைசியில் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வார். "ஏதோ ஒருநாள் தவறி ஒரு பல்லியோட குரல்கூட இதுல வந்துடும் போலிருக்கு. ஒருத்தர் குரல்தான் வந்தபாடு இல்ல."

அத்தான் அப்போது பாட்டிலைக் கழுவிக்கொண்டிருப்பார். தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிடுவார்.

பிறகு அந்த நாடகம் வந்தது. தூர தேசத்துக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாய். கடைசியில் தபால்காரர் வந்து கதவைத் தட்டிச் சேதி சொல்கிறார், மகன் வரப்போவதில்லை. அந்தத் தபால்காரர் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு ஆளைத் தேடிப்பிடிக்க நாள் இல்லை. அத்தான் இயக்குநர் முன்னால் போய் நின்றார். இந்தத் தடவை கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைச் சொன்னார். "சார், அன்னைக்கு ஸ்டுடியோவுல ஒரு பல்லிகூட இருக்காது. நான் பொறுப்பு."

இயக்குநர் யோசித்தார். "இருந்து, கத்துச்சுன்னா?"

"இருக்காது சார்."

வேஷம் கிடைத்தது. ஒரே வரி. 'அம்மா, கதவைத் திறங்க. உங்க மகன்கிட்டேருந்து சேதி வந்திருக்கு.'

எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவர் அந்த வரியைக் குளியலறையில் சொன்னார், துணி உலர்த்திக்கொண்டே சொன்னார், என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து சொன்னார். சேதி கெட்ட சேதி என்று தபால்காரருக்குத் தெரியுமா, தெரியாதா என்று என்னைக் கேட்டார். எனக்கெங்கே தெரியும்? கடையில் கண் பரிசோதிக்க உட்கார்ந்திருந்த ஒருவர், "தெரியும்னுதான் தோணுது, ஆனா காட்டிக்கக் கூடாது" என்றார். அத்தான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். தாய் மாதிரி கதவைத் திறந்து திறந்து அக்காவுக்குக் கை வலித்தது.

ஒரு பக்கம் வரி, இன்னொரு பக்கம் பல்லி. வேலை முடிந்த பிறகும் நிலையத்திலேயே இருந்து பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். ஓட்டை ஓட்டையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். குஞ்சு குளுவான்கூட விடவில்லை. பாட்டில் பாட்டிலாகப் பாறைக்குக் கொண்டுபோய், வழக்கமாக விடுகிற இடம் போதாது என்று இன்னும் தள்ளிப் போய் விட்டார். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கைத் துணி வைத்து அடைத்தார். பதிவுக்கு முதல் நாள் மாலை அவர் கூப்பிட்டபோது சுவரில் எங்கிருந்தும் பதில் இல்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்த அறை தனக்குப் பதில் சொல்லவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சந்தோஷமாகத்தான் சொன்னாராம், ஆனால் முகம் ஒரு மாதிரி இருந்ததாம்.

பதிவு நாளன்று என்ன நடந்தது என்பதை நிலையத்து ஒலிப்பதிவாளர் பிற்பாடு என் கடையில் கண்ணாடிக்கு அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார். அத்தானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தான் தன் வரியைச் சொன்னார். ஒரே தடவையில் சரியாக வந்தது. அந்தக் காட்சி முடிந்ததும், தாயாக நடித்த அம்மாள், "இப்படியொரு குரலை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாராம். "இங்கதாம்மா, சுவத்தோரமா" என்றாராம் அத்தான். ஒரு பல்லிகூடக் கத்தவில்லை. நாடகம் நிற்காமல் ஓடிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. சேதியைக் கேட்ட தாய் கதவைச் சாத்திவிட்டு, வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு இல்லை, வாத்தியம் இல்லை. அமைதி மட்டும்.

இயக்குநர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு கத்தினார். "என்னய்யா இது, ஒண்ணுமே கேக்கல?"

"அமைதி சார்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"இது அமைதியா? ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஆளுக்கு ஒரு தட்டு தட்டுவான்யா! வீடு காலியா இருக்குன்னு கேக்கணும். யாருமில்லாத வீட்ல என்ன கேக்கும்?" யோசித்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "பல்லி! ஒரு பல்லி கத்தணும். எப்பவும் கத்துமே, இப்ப எங்க போய்த் தொலைஞ்சுது?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

நிலையத்தில் ஒலிகளுக்கென்று ஓர் அலமாரியே உண்டு. யானை பிளிறும், இடி இடிக்கும், கடல் அலை அடிக்கும், பிரசவ அறையில் குழந்தை அழும். பல்லி மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் பதிவுகளில் விழுந்த பல்லிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டி எறிந்திருந்தார்கள். அத்தான் பாட்டிலோடு பாறைக்கு ஓடினார். எந்தப் பல்லிகளை எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் துரத்தினார்களோ, அவற்றில் ஒன்றைக் கெஞ்சாத குறையாகக் கூட்டி வந்து மைக் முன்னால் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நடிகர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பல்லி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. ஒருநாள்கூடப் பதமாகப் பேசியறியாத இயக்குநர், பாட்டிலுக்கு முன்னால் குனிந்து, "கொஞ்சம் கத்தேன்" என்று கேட்டாராம். அதற்கும் மசியவில்லை.

அதை எப்படிப் பேச வைப்பது என்று அத்தானுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாட்டில் பக்கம் குனிந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, ச்சிக் ச்சிக் ச்சிக் என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். போதும், கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இப்பதான்யா வீடு காலியா இருக்கு" என்றார். பாட்டிலில் இருந்த பல்லியைப் பாராட்ட எல்லோரும் குனிந்தபோதுதான், அது இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்தார்களாம்.

இது எதுவும் வீட்டில் எங்களுக்குத் தெரியாது. அத்தான் தபால்காரரைப் பற்றி மட்டும்தான் சொன்னார். ஒலிபரப்பு அன்று மாலை அக்கா கூடத்தில் பாய் விரித்து, மாடி வீட்டு அம்மாவையும் தன் பழைய மருந்துக் கடை முதலாளியையும் அழைத்து உட்கார வைத்தாள். எந்தக் குரலால் இவள் தினமும் தாமதமாக வந்தாள் என்று அந்த மனிதருக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் தானே திருகினார். அத்தான் வாசல்படி ஓரமாக, கால்களைச் சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெண் போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாடகம் ஓடியது. தாய் காத்திருந்தாள், காத்திருந்தாள். "இப்ப வரும்" என்று அக்கா கிசுகிசுத்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுத்த குரல் தாயுடையது. "என்னது, என் மகன்கிட்டேருந்தா?" என்று அவள் கேட்டுவிட்டாள். அந்த வரியை வெட்டியிருந்தார்கள். அடுத்து வருகிற செய்திக்கு இடம்விட நாடகத்தைச் சுருக்க வேண்டியிருந்ததாம். கதவைத் தட்டியதை வைத்துக்கொண்டு, தட்டியவரை எடுத்துவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன். அத்தான் உதடு மட்டும் அசைந்தது. அந்த வரியைச் சத்தமில்லாமல் அவரே சொல்லி முடித்தார்.

மாடி வீட்டு அம்மா, "இனிமேதான் வருவாரா?" என்று கேட்டாள். அப்பா ஒருமுறை இருமினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ரேடியோவைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

நாடகம் கடைசிக்கு வந்தது. தாய் கதவைச் சாத்தினாள். நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. எங்கள் கூடமும் அந்த வீட்டைப் போலவே ஆகிவிட்டது. அப்போது, ச்சிக் ச்சிக் ச்சிக்.

எல்லோரும் சுவரை நிமிர்ந்து பார்த்தோம். மாடி வீட்டு அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மருந்துக் கடை முதலாளி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் டியூப் லைட்டுக்குப் பின்னால் தேடினேன். அப்பா அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து மூலை மூலையாக அடித்தார்.

அக்கா மட்டும் பாதியில் கண்ணை இறக்கினாள். எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தப் பேச்சின் நடுவிலும், ஒரு பல்லி கத்தினால் முதலில் நிமிர்கிற தலை அத்தானுடையதுதான். கல்யாண வீட்டிலும் நிமிரும், சாவு வீட்டிலும் நிமிரும். அன்று அவர் நிமிரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஏங்க..." என்றாள் அக்கா மெதுவாக. "அது நீங்களா?"

"சத்தம் போடாத. இன்னும் முடியல" என்றார் அத்தான்.

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. பெண் தன் அப்பாவின் முகத்தையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதரை அன்று எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்பா இன்னும் தேடிக்கொண்டிருந்தார். "இங்கதான் எங்கியோ இருக்கு. பக்கத்துலயே கேட்டுச்சே!" என்று ரேடியோவுக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"அப்பா, டார்ச்சை அணைங்க" என்றாள் அக்கா. "அது சுவத்துல இல்ல. ரேடியோவுல வந்துச்சு. கத்தினது பல்லி இல்லப்பா, இவரு."

அப்பா நின்றார். ரேடியோவைப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் மெதுவாகக் கீழே இறங்கி, வாசல்படி ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தான் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அணைந்தது. அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வழக்கம் போல மொட்டையாகத் தொடங்கப் பார்த்து, நிறுத்தினார்.

"மாப்பிள்ளை," என்றார். "இன்னொரு தரம் பண்ணுங்க, கேப்போம்."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"மைக் வேணும் மாமா" என்றார்.